பொதிந்த பொருள்

கைக்குக் கிடைத்த பொருள்களை நூலால் சுற்றி மூடிச் சிற்பமாக்கிய அமெரிக்கக் கலைஞர் ஜூடித் ஸ்காட்டின் படைப்புகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால், ரசிகர்களில் பலர் வண்ணத்தின் பக்கம்தான் போவார்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, பெரிய புழுக்கூட்டைப் போலத் திரண்டு நிற்கும் அந்த உருவங்களை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவர் கை எப்படிப்பட்டது என்று நிரூபிக்க ஒரே ஒரு சாட்சியைத்தான் கூப்பிடலாம் என்றால், நான் பேப்பர் டவலால் ஆன அந்த வெளிறிய சிற்பத்தைத்தான் கூப்பிடுவேன். குறைபாடுள்ள கலைஞர்களுக்காக ஓக்லண்டில் இயங்கும் கிரியேட்டிவ் க்ரோத் கலைக்கூடத்தில் ஒரு சமயம் அவருக்கு நூல் கிடைக்கவில்லை. கை துடைக்க வைத்திருந்த காகிதத்தை எடுத்துவந்து முறுக்கி, முடிந்து, முடிச்சின்மேல் முடிச்சாக ஏற்றி முழுச் சிற்பத்தையும் கட்டி முடித்துவிட்டார். அதில் நிறம் கிடையாது, கம்பளி நூலின் மென்மை கிடையாது, கண்ணைப் பிடித்து இழுக்கும் எந்தப் பகட்டும் கிடையாது. கட்டு மட்டும்தான் இருக்கிறது. 2014 அக்டோபரில் ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘பவுண்ட் அண்ட் அன்பவுண்ட்’ கண்காட்சியில் வண்ணக் கட்டுகளுக்கிடையே இதுவும் இருந்தது. மற்றவற்றையெல்லாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கான பாடம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நூல் மன்னிக்கும் பண்டம். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் நீண்டு கொடுக்கும், விட்டால் சுருங்கித் தன் இடத்துக்கு வரும். கண்டு தீரும்வரை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போகலாம். காகிதத்துக்கு அந்தக் குணம் இல்லை. இழுத்தால் கிழியும், ஒரு தாளின் நீளம் முடிந்ததும் நின்றுவிடும், அடுத்த தாளை அதோடு பிணைத்தால்தான் வேலை நகரும். ஆகவே சுற்றிச் சுற்றி வளர்ந்த கை இங்கே முடிந்து முடிந்து வளர வேண்டியிருந்தது. சுற்றலில் மேற்பரப்பு வழுவழுவென்று ஓடும். முடிச்சில் அது கணுக்கணுவாகப் புடைக்கும். நூற்சிற்பங்களில் முடிச்சு என்பது ஓரிடத்தை இறுக்கவோ ஒரு நிறத்தை முடிக்கவோ வருவது. காகிதச் சிற்பத்தில் முடிச்சே உடம்பு. பழகிய அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டுமே அவருக்குத் தெரியும் என்றால், நூல் இல்லாத நாளில் அந்த அசைவுக்கு இடமே இருந்திருக்காது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரோ பண்டத்தின் குணத்தைக் கண்டு முறையை மாற்றினார். கல்லிலிருந்து மரத்துக்கு மாறும் சிற்பி உளியைப் பிடிக்கும் கோணத்தை மாற்றுவதும் இதுவும் ஒரே அறிவுதான். அந்த அறிவை நாம் மற்றவர்களிடம் பார்த்தால் தேர்ச்சி என்கிறோம். ஜூடித்திடம் பார்த்தால் ஏனோ ‘உள்ளுணர்வு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

கழித்துப்போட்ட பொருள்களால் செய்யும் சிற்பத்தில் நமக்குப் பழகிப்போன இன்பம் ஒன்று உண்டு: அடையாளம் காணும் இன்பம். 1942-இல் பிகாசோ ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து மாட்டுத்தலை ஆக்கினார். பார்க்கிற கண் மாட்டையும் சைக்கிளையும் மாறி மாறிக் காண்கிறது. மகிழ்ச்சி அந்த மாறலில் இருக்கிறது. சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பதித்து எழுப்பிய பாறைத் தோட்டத்திலும் இதே இன்பம்தான், இன்னும் தாராளமாக. இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் இந்த வகை ரசனை தனக்குள் ஒரு உவமையையும் சுமந்துகொண்டு வருகிறது. வேண்டாம் என்று எறிந்த பொருள் மறுபடி அழகாகிறது. அதுபோலவே வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதரும் கலையின் மூலம் மறுபடி பயனுள்ளவர் ஆகிறார். உடற்குறைபாட்டையும் மனக்காயத்தையும் பற்றிய கழிவுப்பொருள் கண்காட்சி எதுவானாலும் அறிமுகக் குறிப்பு இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான் என்றாலும் இந்த உவமை எனக்கு உடன்பாடில்லை. அது முதலில் மனிதரைக் குப்பையின் இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு மீட்டெடுக்கிறது. ஜூடித்தின் சிற்பங்கள் இந்த உவமைக்கு இடமே கொடுப்பதில்லை. உள்ளே போனது குடையோ சக்கரமோ நாற்காலியோ, அது தான் முன்பு என்னவாக இருந்தது என்று பெருமையாகக் காட்டிக்கொள்ள அவர் விடுவதில்லை. உள்ளே போனதெல்லாம் கழிவும் இல்லை. கூடத்தில் கைக்கு அகப்பட்ட பிறருடைய பொருள்களும் உள்ளே போயிருக்கின்றன. எறியப்பட்டதா, எடுத்துக்கொள்ளப்பட்டதா என்ற கணக்கை நூல் மூடிவிடுகிறது.

தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் பண்டத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். இந்தச் சிற்பங்களுக்கு முன்னால் அந்த வசதியே நமக்கு எதிராகத் திரும்புகிறது. உள்ளே இருக்கும் பொருளைத் தெரிந்துகொண்டால் சிற்பத்தின் பொருள் தெரிந்துவிடும் என்று மனம் குறுக்குவழி தேடுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் என்ன என்ற ஆசை அப்படி வருவதுதான். எடுத்தால் ஒரு மின்விசிறியின் எலும்புக்கூடு தெரியலாம். அதனால் என்ன? தானியம் எவ்வளவு என்று அறிய மூட்டையைப் பிரிக்கலாம். ஏனென்றால் மூட்டை தானியத்துக்காகக் கட்டப்பட்டது. இங்கே கட்டுவதற்காக உள்ளீடு தேடப்பட்டது. உள்ளே இருக்கும் பொருளின் வேலை, நூலுக்கு ஒரு தொடக்கமும் எதிர்ப்பும் கொடுப்பது. கம்பு நீட்டியிருந்தால் கட்டு அங்கே நீள வேண்டும். வளையம் இருந்தால் அதன் வாயை மூடுவதா திறந்துவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானங்கள் எல்லாம் மேற்பரப்பில், கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. மறைத்துவைத்ததைத் தேடுகிறவர்கள் வெளிப்படையாக வைத்ததைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பொருளைச் சுற்றி மூடுவதை ஜூடித் கண்டுபிடித்தார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. 1916-இல் மார்செல் டுஷான் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே ஒரு சணற்பந்தை வைத்துத் திருகினார். அதற்குள் நண்பர் வால்டர் ஆரென்ஸ்பெர்க் எதையோ போட்டார், என்னவென்று டுஷானுக்கே தெரியாது. 1920-இல் மேன் ரே ஒரு தையல் இயந்திரத்தைக் கம்பளியால் மூடிக் கயிறு கட்டினார். கிறிஸ்டோவும் ஜான் க்ளோடும் பாரிஸின் போன் நெஃப் பாலத்தை 1985-இலும், பெர்லினின் நாடாளுமன்றக் கட்டடத்தை 1995-இலும் துணியால் போர்த்தினார்கள். மூன்றும் முக்கியமானவை, ஆனால் மூன்றிலும் மூடுதல் என்பது ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. டுஷானின் பந்துக்கு அதன் கதை வேண்டும். மேன் ரேயின் பொட்டலத்துக்குத் தலைப்பு வேண்டும். கிறிஸ்டோவின் பாலம் பாலமாகவே தெரிய வேண்டும், துணி விலகியதும் நாம் அதைப் புதிதாகப் பார்க்க வேண்டும். ஜூடித்தின் சிற்பங்களுக்குத் தலைப்பு இல்லை. கதையும் அவர் சொல்லவில்லை. செவி கேளாதவர், பேச்சு அறியாதவர், சைகைமொழியும் முறையாகப் பெறாதவர். எது மேல், எது கீழ், எது முன்பக்கம் என்றுகூட எதையும் குறித்துவிட்டுப் போகவில்லை. சொல்லின் முட்டுக்கொடுப்பே இல்லாமல் மூடுதலை மட்டும் வைத்து நிற்க வேண்டிய கட்டாயம் இவற்றுக்கு இருக்கிறது, நிற்கவும் செய்கின்றன. இந்த வரிசையில் அவரை இளையவராக, புறத்தே நிற்பவராக வைக்கிறவர்கள் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

அவருக்கு நிஜமான உறவு என்று சொல்லக்கூடியவர் பிரேசிலின் ஆர்துர் பிஸ்போ தோ ரொசாரியோ. ரியோ டி ஜெனீரோவின் ஜூலியானோ மொரேய்ரா மனநலக் காப்பகத்தில் அரை நூற்றாண்டின் பெரும்பகுதியைக் கழித்து 1989-இல் இறந்தவர். இறுதித் தீர்ப்பு நாளில் கடவுளுக்குக் காட்டுவதற்காக உலகத்தின் பொருள்களையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அவருக்கு வந்த கட்டளை. நூல் வாங்க வழியில்லை. நோயாளிகளின் நீலச் சீருடைகளைப் பிரித்தார். அந்த இழையால் கருவிகளையும் சாமான்களையும் இழை இழையாகச் சுற்றினார், துணிகளில் எண்ணற்ற பெயர்களைத் தைத்தார். 1995-இல் வெனிஸ் பியனாலேக்கு பிரேசில் அவருடைய படைப்புகளை அனுப்பியது. அடைத்துவைத்த நிறுவனத்தின் உடையையே அவிழ்த்து நூலாக்கிய அந்தச் செயலுக்கு இணையான ஒன்றைக் கலை வரலாற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது. பிஸ்போவே பெரியவர் என்று வாதாடுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் வேறுபாடு கவனிக்கத் தக்கது. பிஸ்போவின் சுற்றலில் பொருளின் உருவம் காப்பாற்றப்படுகிறது. சுத்தியல் நீலச் சுத்தியலாக இருக்கிறது, ஏனென்றால் அது கடவுளின் பட்டியலில் சுத்தியல் என்றே பதிவாக வேண்டும். அவர் உலகத்தைப் பெயரிட்டு எண்ணி வைக்கிறார். ஜூடித்திடம் பட்டியல் இல்லை. அவர் சுற்றச் சுற்றப் பொருள் தன் பெயரை இழந்து, இதுவரை பெயரே இல்லாத ஒன்றாகிறது. பிஸ்போவை வாசிக்கலாம்; ஜூடித்தைச் சுற்றிவந்து பார்க்கத்தான் முடியும். சிற்பம் என்ற கலைக்கு இரண்டாவதே நெருக்கம் என்பது என் எண்ணம்.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு ஒன்று. தான் செய்வது கலை என்று தெரியாதவர் செய்ததைக் கலை என்று நாம் அழைப்பது எப்படி? 1999-இல் ஜூடித்தைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதிய ஜான் மெக்ரிகர் இந்தக் கேள்வியை நேர்மையாகவே எழுப்பினார். கடுமையான அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவரிடமிருந்து முழுமையான கலை பிறக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியின் முதுகெலும்பு. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் கேள்வி வைக்கப்பட்ட விதம் சரியில்லை. கலை என்ற சொல் தெரியுமா என்பது மொழியைப் பற்றிய கேள்வி. செய்கிற வேலையில் சரி, தவறு, போதும், போதாது என்ற பிரிவினை இருக்கிறதா என்பதுதான் கலையைப் பற்றிய கேள்வி. பின்னதற்குச் சாட்சிகள் உண்டு. ஒரு சிற்பம் முடிந்துவிட்டது என்பதை ஜூடித் தாமே முடிவு செய்தார். கையைத் தட்டித் துடைத்துவிட்டு அதை அப்பால் தள்ளிவிடுவார் என்று கூடத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீண்ட வேலை அது. வெறும் சுற்றல் வெறியாக இருந்தால் நூல் தீர்ந்த இடத்தில் அல்லது மணி அடித்த நேரத்தில் வேலை நின்றிருக்கும். இன்னொரு சாட்சி, வளர்ச்சி. 1988-ஐ ஒட்டிய தொடக்க வேலைகள் குச்சிகளைச் சேர்த்துக் கட்டியவை. குச்சி வெளியே தெரியும். பிறகு இடைவெளியே இல்லாத அடர்ந்த கட்டுகள். கடைசி ஆண்டுகளில் கட்டு தளர்ந்து உள்ளே இருப்பது துணிந்து தலைகாட்டத் தொடங்குகிறது. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும் நோய்க்குறிக்கு முதற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று மூன்று பருவங்கள் இருப்பதில்லை.

வாழ்க்கை வரலாற்றை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதில்தான் என் வாதம். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த ஜூடித், ஏழு வயதில், 1950-இல், இரட்டைச் சகோதரி ஜாய்ஸின் பக்கத்திலிருந்து பிரித்து ஒஹாயோவின் ஒரு காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். காது கேட்காது என்பதே அறியப்படாமல் வாய்ப்பேச்சில் சோதித்து அறிவுத்திறன் எண் 30 என்று எழுதிவைத்தார்கள். ஆசைப்பட்டு எடுத்த வண்ணக்கட்டிகளையும், இந்தக் குழந்தைக்கு வரையும் அளவு புத்தி இல்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். 35 ஆண்டுகள் இப்படியே போயின. இவையெல்லாம் நெஞ்சை அறுக்கும் செய்திகள். ஆனால் அவை விளக்குவது சிற்பங்கள் ஏன் 44 வயதுக்கு முன்னால் இல்லை என்பதைத்தான். சிற்பங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை விளக்குவதில்லை. ஒரு நீலப் பரப்பின் நடுவே ஒரே ஒரு சிவப்பு இழை குறுக்கே ஏறி ஏன் அங்கே திரும்புகிறது என்பதற்குக் காப்பகத்தின் ஏட்டில் பதில் கிடையாது. சோதித்தவர்கள் சொல்லைக் கேட்டு அறிவை அளந்தார்கள், தவறினார்கள். வரலாற்றைக் கேட்டுச் சிற்பத்தை அளக்கும் நாமும் அதே தவறைத்தான், அன்போடு, செய்கிறோம்.

குணமாதல் என்ற சொல்லுக்கு வருவோம்; இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடம் அதுதான். ஜூடித்தைக் கலை குணப்படுத்தியது என்கிறார்கள். எதிலிருந்து? டவுன் சிண்ட்ரோமும் கேளாமையும் கடைசி நாள்வரை அவரோடு இருந்தன. அவற்றைப் போக்க வேண்டும் என்று அவர் வேலையில் எங்கும் அறிகுறி இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ‘ஹீல்’ என்ற சொல்லுக்கு முழுமைப்படுத்துதல் என்ற வேர் இருப்பதால், குறையுள்ளது நிறைவாகிறது என்ற எண்ணம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நமக்கு வேறொரு சொல் இருக்கிறது. புண் ஆறும், மனம் ஆறும், சுட்ட பால் ஆறும். ஆறுவதற்கு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஆற விட வேண்டும், அவ்வளவுதான். கிரியேட்டிவ் க்ரோத் செய்தது அதுதான். 1974-இல் எலியாஸ் காட்ஸும் ஃப்ளாரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸும் தங்கள் வீட்டில் தொடங்கிய அந்த அமைப்புக்கு 1987-இல் ஜாய்ஸ் தம் சகோதரியை அழைத்துவந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஜூடித் வட்டங்களையும் சுழிகளையும் கிறுக்கிக்கொண்டு ஆர்வமின்றி இருந்தார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நூற்கலைஞர் சில்வியா செவென்டி வந்து வகுப்பெடுத்தபோது, சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டுக் குச்சிகளை எடுத்துத் தன் போக்கில் கட்டத் தொடங்கினார். அதையும் யாரும் திருத்தவில்லை. எந்தச் சிகிச்சைமுறை இரண்டு ஆண்டுகள் பலன் இல்லாமல் காத்திருக்கும்? சிகிச்சைக்குக் கால அட்டவணையும் முன்னேற்றக் குறிப்பும் உண்டு. கலைக்கூடம் மேசையும் நூலும் வெளிச்சமும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். விற்றால் பாதிப் பணம் கலைஞருக்கு. நோயாளிக்கும் கலைஞருக்கும் இடையிலான வேறுபாட்டை அந்தக் கணக்குப் புத்தகம் எந்தக் கட்டுரையைவிடவும் தெளிவாகச் சொல்கிறது.

இரட்டையர் என்ற விளக்கம் இதோடு சேர்ந்து வருவது. தொடக்கக் காலச் சிற்பங்கள் சிலவற்றில் இரண்டிரண்டாகச் சேர்ந்த உருவங்கள் உண்டு. பிரிந்த சகோதரியைக் கட்டிச் சேர்க்கிறார் என்று பலர் அதைப் படிக்கிறார்கள். படிக்கலாம். ஆனால் பிறகு வந்த நூற்றுக்கு மேற்பட்டவற்றில் அந்த இரட்டைமை இல்லையே, அவற்றை என்ன செய்வது? நன்றாகப் பொருந்தும் நான்கை வைத்துக்கொண்டு பொருந்தாத நூறை விட்டுவிடும் விளக்கம் கலைஞரைவிட விளக்குகிறவருக்கே உதவுகிறது. லியோன் போரென்ஸ்டைன் எடுத்த அந்தப் புகைப்படமும் இந்த வகையில் எனக்குச் சிக்கலானது. ஜூடித் தம் சிற்பத்தை இரு கையாலும் அணைத்து முகத்தை அதில் பதித்திருக்கும் படம். இலக்கியக் கோட்பாட்டாளர் ஈவ் கோசோஃப்ஸ்கி செட்ஜ்விக் 2003-இல் வெளியிட்ட நூலின் அட்டையில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அழகான படம், செட்ஜ்விக் அதைப் பற்றி எழுதியதும் ஆழமானது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஜூடித்தின் சிற்பம் என்றாலே அணைப்பு, தாய்மை, ஏக்கம் என்று நினைக்கப் பழகிவிட்டார்கள். முடிந்த சிற்பத்தை அப்பால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போன அந்தக் கறாரான உழைப்பாளியை அந்தப் படம் மறைத்துவிட்டது. அவரை எண்ணும்போது நாம் நினைவில் வைக்க வேண்டியது அணைத்த கையா, தள்ளிய கையா என்று கேட்டால், எனக்குத் தயக்கமில்லை.

படைப்பை விட்டு ஆளின் கதையைப் பார்க்கும் இந்தப் பழக்கம் இன்று எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கழிவுப்பொருள் சிற்பம் இப்போது எங்கும் இருக்கிறது. பிளாஸ்டிக் குப்பிகளையும் கம்பிகளையும் ஒட்டி ஒரு மீனோ பறவையோ செய்து நிறுத்தி, பக்கத்தில் விழிப்புணர்வு வாசகம் எழுதுகிறார்கள். மூட்டு எப்படி நிற்கிறது, எடை எங்கே இறங்குகிறது, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் இல்லை. குறைபாட்டையும் காயத்தையும் பேசும் படைப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். கையடக்கச் சிற்பத்துக்குச் சுவர் நிறைய வரலாறு எழுதி, பார்ப்பவர் கண் கலங்கியதும் வேலை முடிந்தது என்கிறார்கள். இப்படி இளகிய அளவுகோலால் யாருக்கும் நன்மையில்லை. குறைபாடுள்ள கலைஞருக்குத்தான் முதல் கேடு, அவரிடம் நல்லது எது சுமாரானது எது என்று பிரித்துச் சொல்லும் மரியாதைகூட அவருக்குக் கிடைப்பதில்லை. 2025-இல் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள சிற்பி நேனா கலு பிரிட்டனின் டர்னர் பரிசு பெற்றபோது இதன் விளைவைப் பார்த்தோம். ஒளிநாடா, துணி, செலோஃபேன் என்று கிடைத்ததையெல்லாம் சுற்றிச் சுற்றித் தொங்கவிடும் அவருடைய சிற்பங்களில் காற்றும் பளுவும் சரிசமமாக மோதுகின்றன; ஜூடித் உள்நோக்கி இறுக்கியதை இவர் வெளிநோக்கி விரிக்கிறார். பேச வேண்டியது அதைப் பற்றி. பரிசு குறைபாட்டுக்காகக் கொடுத்ததா என்ற முணுமுணுப்புதான் அதிகம் கேட்டது. படைப்பைப் பார்க்காமல் ஆளைப் பாராட்டப் பழகிய கூட்டம், படைப்பைப் பார்க்காமல் ஆளைச் சந்தேகிக்கவும் பழகியதில் ஆச்சரியம் என்ன?

பிற்கால ஜூடித்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அடர்ந்த கட்டுகளை மட்டுமே கொண்டாடுகிறவர்கள் அவற்றைத் தளர்ச்சி என்கிறார்கள் என்பதால். 2004-ஐச் சேர்ந்த, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வைத்துச் செய்த சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி தெரிகிறது, அதன் கம்பிச் சட்டம் மறையவில்லை. வயது ஏறியதால் கை சோர்ந்துவிட்டது, முழுதாக மூட முடியவில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி ஏற்கெனவே கம்பிப் பின்னல், அதாவது அதற்கென்று ஒரு பாவும் ஊடும் இருக்கிறது. அதை நூலால் முழுக்க மூடினால் ஒரு பின்னலை இன்னொரு பின்னல் விழுங்கும், அவ்வளவே. பாதி விட்டதால் இரண்டும் பேசிக்கொள்கின்றன: ஆலையில் ஒரே அளவில் வளைத்த கம்பி, அதன் கண்களுக்குள் ஒரு கண்ணைப் போல இன்னொன்று இல்லாமல் ஓடும் கைநூல். பேப்பர் டவலைக் கண்டு முறையை மாற்றிய அதே கைதான் இதுவும். ஆண்டுகள் கடந்தும் பண்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துக் கொடுக்கும் குணம் மாறவில்லை. அடுத்த ஆண்டு, 2005 மார்ச்சில், 61 வயதில் அவர் இறந்தார். பதினெட்டு ஆண்டுகளில் செய்தவை நூற்றைம்பதுக்கும் மேல்.

அவை இப்போது பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் லோசானின் ஆர் ப்ரூட் சேகரிப்பும் அவற்றைப் பாதுகாக்கின்றன. கம்பளி நூலைப் பாதுகாக்க வழி தெரியும். பூச்சியைத் தடுக்கலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம். பேப்பர் டவல் அப்படிப்பட்ட பண்டம் இல்லை. ஒருமுறை கை துடைத்து எறிவதற்கென்றே செய்த காகிதம் அது. நாளாக ஆகப் பழுக்கும், நொறுங்கும், முடிச்சின் கழுத்தில்தான் முதலில் விரிசல் விடும், ஏனென்றால் முறுக்கு அங்கேதான் அதிகம். அப்படி ஒரு முடிச்சு விட்டுப்போனால், பழுது பார்க்கிறவர் என்ன செய்வார்? ஒட்டலாம். புதுத்தாள் வைத்துத் தாங்கலாம். ஆனால் அந்த முடிச்சை இன்னொரு கை போட முடியாது. எவ்வளவு இறுக்கம், எந்தப் பக்கம் வால் நீண்டிருக்க வேண்டும் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை, அந்த முடிச்சைத் தவிர. விட்ட முடிச்சை விட்டபடியே படம் எடுத்துப் பதிந்துவைத்து, மீதியை மெல்லிய வெளிச்சத்தில் பழுக்க விடுவதே முறை என்பேன். இருக்கும்வரை அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல் முழுச் சுற்று வர வேண்டும். கட்டு எந்தப் பக்கத்திலும் பின்பக்கமாக முடிவதில்லை.